மீன் வருவதற்கு முன் ஏழு வாரம்

வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒலிபரப்பின் நடுவே ஐந்து விநாடி சத்தம் இல்லாமல் போனாலே எங்களுக்கு வியர்த்துவிடும். பாட்டு, பேச்சு, விளம்பரம் என ஏதாவது ஒன்று காற்றில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேலாக அப்படியே பழகிவிட்ட என்னை, சென்ற ஆண்டு ஒரு கண்ணாடித் தொட்டி ஏழு வாரம் சும்மா காக்க வைத்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது, கல் இருந்தது, விளக்கும் எரிந்தது. மீன் மட்டும் இல்லை.

வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்படும் குடும்பங்கள் நம்மிடையே இப்போது அதிகம். மீன் வாங்கும் முன் இருக்கும் இந்தக் காத்திருப்பைப் பற்றி யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் முறை நான் காத்திருக்கவில்லை. என் அவசரத்திற்கு இரண்டு மீன்கள் விலை கொடுத்தன.

நான்கு நாளில் முடிந்த கதை

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் உள்ள அக்வாரியா கேஎல்சிசிக்கு அழைத்துப் போயிருந்தோம். 2003-இல் திறக்கப்பட்ட இடம். 90 மீட்டர் நீளச் சுரங்கப் பாதையில் தலைக்கு மேலே சுறா நீந்துவதை எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். என் மகன் சுறாவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் முன்னால்தான் நின்றான். ‘நீமோ’ படம் பார்த்த பிள்ளை வேறெங்கே நிற்பான்?

அடுத்த வாரமே தொட்டி, உப்பு, வடிகட்டி, இரண்டு கோமாளி மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினேன். “ஒரு நாள் தண்ணிய ஓட விட்டாப் போதும் சார்” என்றார் கடைக்காரர். நான் அந்த ஒரு நாளைக்கூட முழுதாக விடவில்லை.

இரண்டாம் நாள் மீன்கள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீரின் மேல்மட்டத்தில் நின்று வேகவேகமாக மூச்சு வாங்கின. நான்காம் நாள் காலை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டும் மணலில் கிடந்தன. தண்ணீர் பளிங்கு போல் இருந்தது.

“பசியில செத்துடுச்சாப்பா?” என்று மகன் கேட்டான்.

“வயசாயிடுச்சுப்பா” என்றேன். அது பொய். தொட்டியில் வளரும் கோமாளி மீன் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்தப் பொய் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பளிங்குத் தண்ணீரில் இருந்த விஷம்

மீன் தன் கழிவின் பெரும் பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். கடலில் இது பிரச்சினையே இல்லை. கழிவைக் கரைக்க அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. நூறு லிட்டர் தொட்டியில் கழிவுக்குப் போக்கிடம் கிடையாது. மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட வேண்டும். அமோனியாவுக்கு நிறம் இல்லை என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கடல்நீரில் ஆபத்து இன்னும் கூடுதல். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம், மற்றது மீனைக் கொல்லும் அமோனியா. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அமில-கார அளவு, அதாவது பிஎச். நன்னீர்த் தொட்டிகளில் இது பெரும்பாலும் 7-ஐ ஒட்டி இருக்கும், கடல்நீரில் 8.1 முதல் 8.4 வரை. இந்த அளவு ஒரு புள்ளி ஏறினால், கொல்லும் வடிவம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடிவிடும். நம் ஊர் வெப்பமும் அதைக் கூட்டும். தங்கமீன் தாக்குப்பிடிக்கும் அழுக்கில் கோமாளி மீன் செத்துப்போவது இதனால்தான்.

கடலிலும் குளத்திலும் மண்ணிலும் இந்த அமோனியாவைத் தின்னும் கிருமிகள் இருக்கின்றன. 1890 வாக்கில் சூரிச் நகரில் ஆய்வு செய்த ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இந்த வேலையை இரண்டு கூட்டங்கள் பிரித்துக்கொள்கின்றன. முதல் கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இரண்டாம் கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீனுக்குப் பெரிய தொல்லை இல்லை. அவ்வப்போது தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துவிடலாம்.

புதிய தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் போதுமான அளவில் இருக்காது. கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் அவை ஒட்டிப் பெருக வேண்டும். அதற்கு நாம் கொடுக்கும் அவகாசத்தைத்தான் மீன் வளர்ப்பவர்கள் ‘சைக்கிள் செய்வது’ என்கிறார்கள். பால் புளிக்க வைக்கும் கிருமி போல இவை ஒரே இரவில் பெருகாது. சில சாதாரணக் கிருமிகள் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரம் காத்திருப்பது சாதாரணம்.

ஜாசினில் ஒரு தொட்டி

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டபோது, காலித் தொட்டி எங்கள் கோலாலம்பூர் அடுக்ககத்தின் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதே காலத்தில் ஜாசினில் அப்பா தனியாக இருந்தார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜாசின் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்திற்கு மேல் மரம் வெட்டியவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு தாமானில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்துவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. எழுந்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. நான் போன் செய்தால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்பா.” “சரி, வை.”

தொட்டியை ஜாசினுக்கே கொண்டுபோய் வைத்தால் என்ன என்று என் மனைவிதான் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை காடியில் ஏற்றிக்கொண்டு போனோம். “இதை முதல்ல சைக்கிள் பண்ணணும்பா” என்றேன். “சைக்கிளா?” என்று தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். அமோனியா, கிருமி என்று விளக்கத் தொடங்கினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அமோனியாவா? நம்ம ஸ்டோர்ல பாலுக்கு ஊத்துவாங்களே, அதுவா?”

“அதேதான்.”

“அது கண்ணையே எரிக்குமேடா. மீனு எப்படித் தாங்கும்?”

எனக்குப் புரிய இரண்டு மீன்கள் சாக வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு சொல் போதுமானதாக இருந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். மங்கில் சேர்ந்த பால் ஸ்டோருக்கு வருவதற்குள் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா விடுவார்கள். உறைய வைத்து ஷீட் போட ஃபார்மிக் அமிலம் சேர்ப்பார்கள்.

உம்பாய் கடல் பக்கத்தில்தானே?

உப்புப் பொட்டலத்தைப் பார்த்ததும் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. “உம்பாய் கடல் இங்கதானே இருக்கு. நாலு தோம்பு தண்ணி எடுத்துட்டு வந்தா ஆச்சு. காசு கொடுத்து உப்பு எதுக்கு?”

உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடப் போகும் எவரும் அங்குள்ள கரைத் தண்ணீரைப் பார்த்திருப்பார்கள். சேறும் கலங்கலுமாக இருக்கும். மலாக்கா நீரிணை உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று. மழை பெய்தால் நிலத்திலிருந்து வடியும் நீரும் கரையில்தான் கலக்கிறது. அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவது ஆபத்து. புலாவ் பெசார் பக்கம் போய்ப் பவளக் கல் எடுத்து வரலாமா என்று சில நண்பர்களும் கேட்டார்கள். வேண்டாம். கடலில் இருக்கும் பவளம் கடலிலேயே இருக்கட்டும். கல் பவளங்களின் அனைத்துலக வணிகமே சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் துளைகள் நிறைந்த உலர்ந்த கல்லே போதும். கிருமிகள் அதில் மெதுவாகக் குடியேறும்.

உயிருள்ள கல்லால் தொட்டியைச் சுத்தமாக வைக்கலாம் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் பக்கத்து நாட்டுக்காரர்தான். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்ற மீன் வளர்ப்பாளர். கடற்கல்லும் காற்றுக் குமிழியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். பெரிய வடிகட்டிகளையே நம்பியிருந்த மேற்கு நாட்டினர் அதன் அருமையை உணர நீண்ட காலம் ஆனது.

நாங்கள் செய்தது இதுதான். வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர் நூறு லிட்டர் பிடித்தோம். குழாய் நீரில் உள்ள குளோரின் நாம் வளர்க்க விரும்பும் கிருமிகளையே கொன்றுவிடும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கடலுப்பு மாவைக் கரைத்தோம். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் உள்ள மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் அதில் இல்லை. உப்பளவைக் கருவியில் பார்த்தோம், ஒப்படர்த்தி 1.025. அப்பா அந்தக் கருவியைக் கண்ணில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பாலில் ரப்பர் எவ்வளவு என்று ஸ்டோரில் கிராணி அளந்துதான் அவருக்குக் கூலி வந்தது. “அங்க அவன் அளப்பான், நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிப்போம். இன்னிக்கு நான் அளக்குறேன்” என்றார்.

மூன்று இறால் செய்த வேலை

மீன் இல்லாத தொட்டியில் கிருமிக்கு உணவு வேண்டும். ஒரு பச்சை இறாலைச் சின்ன வலைப்பையில் போட்டுத் தண்ணீரில் தொங்கவிட்டால் அது அழுகி அமோனியா தரும். ஜாசின் பசாரில் இறால் வாங்கி வந்தேன். ஒன்று போதும் என்றுதான் படித்திருந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று மூன்று போட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குக் கிளம்பினேன்.

சோதனைத் திரவமும் கண்ணாடிக் குழாயும் அப்பாவிடம் இருந்தன. அமோனியா சோதனையில் மஞ்சள் வந்தால் ஒன்றுமில்லை. பச்சை கூடக் கூட அமோனியா கூடுகிறது. நைட்ரைட் சோதனையில் வெளிர் நீலம் என்றால் இல்லை, ஊதா என்றால் அதிகம். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டுத் தேதி, நிறம், எண் என்று எழுத ஆரம்பித்தார். செக்ரோல் போல இருந்தது.

ஆறாம் நாள் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். குழாயில் கரும்பச்சை. நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிவிட்டது. அன்று இரவு அவரே அழைத்தார்.

“வீடெல்லாம் நாறுது. பக்கத்து வீட்டுப் பூனை வாசல்லயே உட்கார்ந்திருக்கு. எத்தனை இறால் போட்டே?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பால்ல அமோனியா ஊத்துறதே கிருமி பெருகிப் பால் கெட்டுடக் கூடாதுன்னுதான். நீ இங்க கிருமி வளர்க்கணும்கிற. அதுலயும் அதையே அளவில்லாம ஊத்துனா எப்படிடா வளரும்?” என்றார்.

அவர் சொன்னது சரி. அமோனியா ஓரளவு இருந்தால் அந்தக் கிருமிக்கு உணவு. மிஞ்சினால் அதைத் தின்னும் கிருமியே முடங்கிவிடும். மில்லியனில் 2 பங்கு, அதாவது 2 பிபிஎம் போதும். 5-ஐத் தாண்ட விடக் கூடாது. மறுநாள் சனிக்கிழமை போய் இரண்டு இறாலை எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றினோம். அவசரப்பட்டதில் ஒரு வாரம் வீணானது.

16-ஆம் நாள் பச்சை வெளுக்கத் தொடங்கியது, ஊதா தென்பட்டது. முதல் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். 24-ஆம் நாள் அமோனியா சுத்தமாக மஞ்சள். ஆனால் நைட்ரைட் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் பாசி படர்ந்தது. தொட்டி கெட்டுவிட்டதோ என்று பலர் பயப்படும் கட்டம் இது. டயட்டம் எனும் நுண்பாசிதான். புதுத் தொட்டிகளில் வருவது வழக்கம், தானாகக் குறையும்.

இடையில் ஒரு வியாழக்கிழமை மாலை இடி மின்னலோடு மழை, மின்சாரம் போய்விட்டது. இந்தக் கிருமிகளுக்கு உயிர்வளி வேண்டும், பம்பு நின்றால் தண்ணீர் தேங்கிவிடும் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். அப்பா பரணில் வைத்திருந்த தன் பழைய பால் மங்கை எடுத்து வந்து, தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று மணி நேரம். சில மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் கல்லில் இருக்கும் கிருமிகள் தாங்கிக்கொள்ளும் என்பதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். மறுநாள் சொன்னபோது, “தாங்குமா? சரி. எனக்கு மட்டும் அங்க என்ன வேலை?” என்றார். அடுத்த வாரம் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. ஒரு நிமிடத்தில் முடிந்த எங்கள் தொலைபேசிப் பேச்சு அப்போது இருபது நிமிடத்திற்கு வந்திருந்தது. நிறம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக் கதைக்குப் போய்விடுவார். பெரட்டுக்குப் பிந்தி வந்ததால் மரம் கிடைக்காமல் திரும்பிய நாள், மழையில் பால் எல்லாம் தண்ணீராகிக் கூலி போன நாள். இவற்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

35-ஆம் நாள் சண்டை

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வழி முழுவதும் அவன் நீமோ பேச்சுதான். ஐந்து வாரம் ஆயிற்று, போகிற வழியில் மீன் வாங்கிவிடலாம் என்று எனக்கும் ஆசை. ஜாசின் டோல் தாண்டியதும் அப்பாவை அழைத்துச் சொன்னேன்.

“வாங்காதே. இன்னும் ஊதா” என்றார்.

எனக்கும் ஒரு வாதம் இருந்தது. நன்னீரில் நைட்ரைட் மீனின் இரத்தத்தைக் கெடுத்து மூச்சு முட்ட வைக்கும். கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் செவுளுக்குள் எளிதில் நுழையாது, ஆபத்து மிகக் குறைவு. இது அறிவியல் உண்மைதான். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். ரெண்டாவது கூட்டம் இன்னும் முழுசா வேலைக்கு வரலைன்னுதானே இந்த ஊதா சொல்லுது? ஆள் வராம பாலை எடுத்து ஸ்டோர்ல வெச்சா என்ன ஆகும்? மரம் நட்டு ஆறு ஏழு வருசம் காத்திருந்துதான் கத்தி வைப்போம். முந்தி வெச்சா மரம் போயிடும். ரெண்டு வாரம் உன்னால முடியாதா?”

நான் பதில் சொல்வதற்குள் என் மகன் கேட்டான். “தாத்தா, மொத மீனு வயசாயி சாகலையா?”

அறையில் ஐந்து விநாடிக்கு மேல் அமைதி. வானொலியாக இருந்திருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “இல்லப்பா. தண்ணி தயாராகறதுக்கு முன்னாலேயே அப்பா அவசரப்பட்டு மீனை விட்டுட்டேன். அதுதான் காரணம்.” அவன் அழவில்லை. சோதனைக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தான். “இது நீலமாகணுமா?” என்று தாத்தாவிடம் கேட்டான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தாத்தாவுக்குப் போன் செய்து நிறம் கேட்பது அவன் வேலை.

நீலம்

41-ஆம் நாள் வெள்ளிக்கிழமை நைட்ரைட் வெளிர் நீலமானது. உடனே மீன் வாங்கலாமா என்றால் இல்லை, ஒரு பரீட்சை பாக்கி. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து விட்டு, தொட்டியில் அமோனியாவை 2 பிபிஎம் அளவுக்குக் கொண்டுவந்தோம். 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டுமே சுழியத்துக்கு இறங்க வேண்டும். இறங்கினால் கிருமிப் படை போதுமான அளவில் இருக்கிறது என்று பொருள்.

திங்கள் விடியற்காலை நிகழ்ச்சி இருந்ததால் ஞாயிறு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். நெடுஞ்சாலையில் வரும்போது அழைப்பு வந்தது. மகன் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

“மஞ்சள். நீலம்” என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரம் கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றினோம். சுழற்சி முடிந்தபோது சேர்ந்திருந்த நைட்ரேட்டைக் குறைக்க இது தேவை. 49-ஆம் நாள் சனிக்கிழமை, பண்ணையில் பிறந்து வளர்ந்த இரண்டு சின்னக் கோமாளி மீன்கள் வந்தன. கடலில் பிடித்ததைவிடப் பண்ணை மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது; கடலுக்கும் நட்டமில்லை. தமிழ்நாட்டில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைக் கையாள்கிறார்கள்.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தினோம். பிறகு ஒரு வாளியில் மீனை வைத்துத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தோம். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. மீன்கள் அன்று ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. மறுநாள் காலை தீனி எடுத்தன.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால்

முதலில் சோதனைப் பெட்டி வாங்குங்கள்; மீனைக் கடைசியாக வாங்குங்கள். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்க வேண்டும். நாள் கணக்கை நம்பாதீர்கள். உங்கள் தொட்டி மூன்று வாரத்தில் முடிக்கலாம், எட்டு வாரமும் எடுக்கலாம். எண்தான் சொல்ல வேண்டும்.

புட்டியில் விற்கும் கிருமிக் கரைசல்கள் நாளைக் குறைக்க உதவலாம். அவற்றை ஊற்றினாலும் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

நம் வீடுகளில் தண்ணீர் 30 பாகையைத் தொட்டுவிடும். கோமாளி மீனுக்கு 25 முதல் 27 வரை நல்லது. தண்ணீரின் மேல் சிறிய விசிறி வைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றுங்கள், உப்பு நீர் வேண்டாம். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். ஏழு வாரம் வளர்த்த கிருமிகள் ஒரே நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

ஒரே நாளில் ஐந்தாறு மீன் விடாதீர்கள். கிருமிப் படை இருக்கும் கழிவுக்கு ஏற்பத்தான் பெருகியிருக்கும். ஒன்றிரண்டு விட்டு, சில வாரம் பார்த்துப் பிறகு அடுத்தது. கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தியை முதல் ஆறு மாதத்திற்காவது வாங்க வேண்டாம். அதற்கு நன்கு முதிர்ந்த தொட்டி தேவை. அது இல்லாமலும் கோமாளி மீன் நன்றாகவே வாழும்.

பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். சோதனைக் குழாயை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். என் மகன் விஷயத்தில், மீன் வந்த பிறகு இருந்ததைவிட அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் அவனுக்குக் கேள்விகள் அதிகம்.

அந்த மீன்கள் வந்து ஓராண்டு ஆகப்போகிறது. பெரியதாக வளர்ந்தது பெண்ணாகிவிட்டது போலிருக்கிறது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் மூத்தது பெண்ணாக மாறும். அப்பா இப்போதும் நான்கு மணிக்கு எழுகிறார். விளக்கைப் போடாமல் தொட்டி முன் உட்கார்ந்து மீன்கள் விழிப்பதைப் பார்ப்பாராம். அதற்குப் பிறகு வானொலியைத் திருப்புகிறார். கணக்குப் புத்தகத்தில் இரண்டாவது நோட்டு ஆரம்பமாகிவிட்டது.

போன வாரம் இன்னொரு மீன் வாங்கலாமா என்று கேட்டேன்.

“வர்ற மாசம் பார்க்கலாம்” என்றார்.